நெல்லி அத்தையின் அடுப்பு

மலையைக் குடைந்து தாமிரம் எடுத்துப் பிழைக்கும் ஊர் அந்தோஃபகாஸ்தா. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அதே தாமிரத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கிப் பட்டம் வாங்கப் பார்த்தவள் யாஸ்னா. அவ்வளவு சின்னத் துகள் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் சட்டை போடுவதுபோல ஒரு கந்தகச் சேர்மத்தை மேலே பூச வேண்டும். நீளமான சேர்மம் என்றால் துகளின் ஒயின் சிவப்பு நிறம் அழகாக நிற்கும், மின்சாரம் மட்டும் போகாது. குட்டையானது என்றால் மின்சாரம் போகும், ஆனால் நாறித் தொலைக்கும். வாயு கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் சிலிண்டரில் கலக்கிறார்களே, அதே சரக்கு.

அதை, நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு வெளியே திறப்பவர்கள் ஆய்வகச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பேராசிரியர் அரான்சிபியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கூண்டில் வேறு யாருடைய குடுவையோ கொதித்துக்கொண்டிருந்தது. யாஸ்னாவின் சிவப்புக் கரைசல் பச்சை தட்டத் தொடங்கியிருந்தது. சில சொட்டுதானே என்று குட்டைச் சேர்மப் புட்டியை மேசையிலேயே திறந்தாள். புத்தி கெட்ட வேலை.

சற்று நேரத்தில், வாயு கசிகிறது என்று பயந்து கட்டடமே தெருவில் நின்றது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள்தான். தலைவர், மூலை மருந்துக்கடைக்காரர். நேராகக் கீழ்த்தளக் கேன்டீனுக்குப் போய் அடுப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு பழசு பாருங்க!”

“பழசுதான், கசியல ஐயா!” கேன்டீன் நடத்தும் நெல்லி அத்தை கரண்டியோடு கத்தினாள். “காலையிலருந்து அடுப்புக்குள்ளயே மூக்க வெச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“கசியாமத்தான் இத்தனை பேரு தெருவுல நிக்கிறாங்களா? சூப்பு வாசனைல உங்களுக்கு எங்க தெரியப்போகுது!”

கூட்டம் சிரித்தது. யாஸ்னாவும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கசந்தது. ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரான்சிபியா பக்கத்திலேயே நின்றார். சாவி பையில் கனத்தது. சமையலறைக்குச் சீல் வைத்தார்கள்.

மதியம், அந்தத் துகள்களைப் பூசி எடுத்த அவளுடைய படலத்தில் மின்சாரம் ஓடியது, சிவப்பும் மங்கவில்லை. பேராசிரியர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அந்த வாழ்த்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் தொடாத சூப்புப் பானையோடு நெல்லி அத்தை ஏறி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

“அடக் கடவுளே! உன் தலைமுடியில எல்லாம் ஏறியிருக்கே கண்ணு. அப்ப அந்த ஆளு சொன்னது நிஜந்தான். அடுப்படியில நின்னு நின்னு என் மூக்குதான் செத்துப்போச்சு.” யாஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோச்சுக்காத. யாருக்காவது ஒண்ணு ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? நாளைக்கே எழுதிக் கொடுத்துடறேன், கேன்டீன் வேண்டாம்னு.”

“அத்தை… அது உங்க அடுப்பு இல்ல. நான் மேல ஒரு மருந்தைத் திறந்தேன். அதோட நாத்தம்.”

அத்தை கையை விட்டாள். கோபப்படுவாள் என்று யாஸ்னா எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“இதை என் காதுல சொல்லி என்ன புண்ணியம்? அத்தனை பேரும் நிக்கறப்ப சொல்லியிருக்கணும். நீயும் சிரிச்சதப் பாத்தேனே நான்.”

பானையைத் தூக்கிக்கொண்டு போய், முன்னால் காலி இருக்கைகள் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் யாஸ்னா இறங்கி, சாலையைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நின்றாள். அரான்சிபியா இன்னும் அறையில் இருப்பார். கிளம்பிப் போயிருக்கக் கூடாதா என்று மனம் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிக்கொண்டதற்கும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.