ஜட்ஜம்மா

“விடுங்க ஐயா, விரலை விடுங்க” என்று நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள். விரிப்பை மாற்ற வேண்டும். கட்டிலின் இரு பக்கக் கம்பிகளையும் பிடித்திருந்தவர் விடுவதாக இல்லை. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. முழங்கைகள் மடங்காமல் விறைத்து நின்றன.

“நேத்தே முடிஞ்சிரும்னு டாக்டர் சொன்னார்” என்று நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “யாரையாவது எதிர்பார்க்கிறாரோ?”

“வர வேண்டியவங்க எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போயாச்சும்மா” என்றாள் மனைவி.

மகன் அப்பாவின் காதருகே குனிந்தான். “தள்ளுங்கப்பா! இன்னும் ஒண்ணே ஒண்ணு!” ஜிம்மில் அவர் தலைமாட்டில் நின்று சொல்லிப் பழகிய வார்த்தை. அவரும் கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு மூச்சை இழுத்தார். காலையிலிருந்தே அந்த முழங்கைகளைப் பார்க்க மனைவிக்குப் பயமாக இருந்தது.

பிளம்பர் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுக்கு மேல்தான், மல்லாந்து படுத்து எடை தள்ளும் பெஞ்ச் பிரஸ் போட்டிக்குப் போனார். முதல் போட்டியிலேயே, அதுவரை அசைக்க முடியாதிருந்த நூற்று நாற்பது கிலோவை நெஞ்சிலிருந்து நேராக மேலே தள்ளிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில், இனி வைக்கலாம் என்பதற்கு நடுவர் “ரேக்” என்று சொல்வதற்கு முன்பே கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. தூக்கியது தூக்கியதாகவே சேர்த்தியில்லை.

அதற்கப்புறம் வீட்டில் பயிற்சி செய்யும்போதுகூட யாராவது சொல்லாமல் கம்பியை வைக்க மாட்டார். யாராவது என்றால் அவள்தான். அடுப்படியிலிருந்தே “ரேக்!” என்று குரல் கொடுப்பாள். சண்டை போட்ட நாட்களில் வேண்டுமென்றே தாமதிப்பாள். “சொல்லித் தொலைடி ஜட்ஜம்மா, கை போகுது!” என்று அவர் அலறுவார். மறு வருடம் நூற்று நாற்பத்திரண்டரை கிலோ. மூன்று நடுவர்களின் விளக்கும் வெள்ளை; தூக்கியது செல்லும்.

அவள் எழுந்து கட்டிலருகே போனாள். மகனுக்குப் புரிந்துவிட்டது.

“வேண்டாம்மா. சொல்லாதீங்க.”

“பின்ன எவ்வளவு நேரம்டா தூக்கிட்டே இருப்பார்?”

“நீங்க சொன்னா போயிருவார்மா.”

தெரியும். தெரிந்ததால்தானே இவ்வளவு நேரம் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

வியர்த்திருந்த அவர் நெற்றியை உள்ளங்கையால் துடைத்தாள். “ரேக்” என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. குரலே எழும்பவில்லையோ என்னவோ. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள்.

“ரேக்! கேட்டுச்சா? போதுங்க. வெச்சிருங்க. எல்லா விளக்கும் வெள்ளைதான்.”

முதலில் இடது முழங்கை மடங்கியது. பிறகு வலது. விரல்கள் தாமாகவே கம்பியை விட்டு விரிப்பில் இறங்கின. நிதானமாக, சத்தமில்லாமல் ஒரு மூச்சு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் வரவில்லை.

நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். மகன் கட்டில் ஓரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நேற்றிலிருந்து கண் மூடாத அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. கையால் பொத்தியும் அடங்காமல், தாடை வலிக்க, நீளமாக வந்தது.

மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான். “என்னம்மா?”

“ஒண்ணுமில்லடா.”

செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.