இக்காரஸ் எந்தப் பக்கம் விழுந்தான்

1.

மனித குலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒரே ஒருவனின் வீழ்ச்சியைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

(வரி என்னுடையதல்ல. எவான்தியாவின் கண்காட்சிக் கையேட்டில் வருவது. கிரேக்கத்தின் சீரோஸ் தீவுப் படகுத்துறையில், ஈரப் பெஞ்சில் விரித்து உட்கார எனக்கு அது கிடைத்தது. எழுந்தபோது இந்தக் கதை ஒட்டிக்கொண்டு வந்தது.)

2.

அத்தீவின் நகராட்சிக் கலைக்கூடத்தில் எவான்தியாவுக்குத் தற்காலிக வேலை. மாலை அமைச்சர் வந்து கண்காட்சியைத் திறந்துவைக்கிறார். அவர் முகம் மலர்ந்தால் வேலை நிரந்தரம். எவான்தியா கலங்கிய விழிகளுடன் கடலை நோக்கி... வேண்டாம். எள் தூவிய ரொட்டி வளையத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மெழுகுச் சிறகோடு சூரியனை நெருங்கி, மெழுகு உருகிக் கடலில் விழுந்த பையன் இக்காரஸ். கையேட்டின்படி, பழைய பானை ஓவியர்களுக்கு அவன் அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளை, துறவிகளுக்கு ஆணவம், பின்வந்தவர்களுக்கு விடுதலை. எவான்தியாவுக்கு, நாட்டின் சரிந்த பொருளாதாரம்.

3.

மதியம், அவள் நடுச்சுவரில் மாட்டியிருந்த இக்காரஸ் ஓவியத்தைக் கணவன் மந்தோஸ் எட்டிப் பார்த்தான். பல் மருத்துவன்.*

"எவி, பையன் தலைகீழா விழறான், சரி. மெழுகு ஏன் மேல ஒழுகுது?"

"அது புவியீர்ப்புக்கு எதிரான கலகம். கையேட்டுல ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

"மூலையில வெள்ளையா என்னது?"

"உதிர்ந்த இறகு. இழப்போட குறியீடு."

மந்தோஸ் தலையைச் சாய்த்தான். "பாய்மரப் படகுடி அது. கவுந்து கிடக்கு. அதுவும் கலகம் பண்ணுதா?"

"வாயை மூடு."

"எனக்குத் திறக்கச் சொல்லித்தான் பழக்கம்."

அவள் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே படத்தைப் பார்த்தாள். மெழுகு கீழே சொட்டியது. படகு மிதந்தது. பையன் மேலே பறந்துகொண்டிருந்தான். இன்னும் விழவேயில்லை.

* முதல் வரைவில் இவனைக் கவிஞனாக எழுதியிருந்தேன். கவிஞனாக இருந்தால் இறகு என்றதும் ஒத்துக்கொண்டிருப்பான்.

4.

முடிவு அ: படத்தைத் திருப்புகிறாள். 'வீழ்ச்சி' என்று அச்சிட்ட கையேடுகள் குப்பைக்குப் போகின்றன. வேலையும்.

முடிவு ஆ: அப்படியே விடுகிறாள். அமைச்சர் மெழுகைப் பார்த்து, "அடேயப்பா, என்ன ஆழம்!" என்கிறார். வேலை நிரந்தரம். (அடித்துவிட்டேன். நிஜத்தில் நடந்துவிடும் போலிருந்தது.)

முடிவு இ: ஆணி தானாகவே கழன்று... சீ.

வாசலில் கார் வந்து நிற்கிறது. திருப்புவதா, விடுவதா? நீங்களே கை வையுங்கள். அப்படியே படத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய திருகுத் துளைகளைப் பார்த்தால், படத்தை மாட்டும் கொக்கி முதலில் சரியான பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. எவான்தியாதான் அதைக் கழற்றி மறுபக்கம் திருகியிருக்கிறாள்.