டீச்சரே சொல்லிச்சு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் ஃப்ளோரா டீச்சர் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் த்ரோபால் பயிற்சி கொடுத்தாள். இது போக யாரும் கொடுக்காமல் தானாக வந்து சேர்ந்த வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. காசிமேட்டுக் குப்பத்துத் தாய்மார்கள் எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் யோசனை கேட்பார்கள்.

பெண் சோறு தின்ன மாட்டேன் என்கிறாளா, மாமன் மகனுக்கு இப்போதே கட்டிக் கொடு என்று வீட்டில் நச்சரிக்கிறார்களா, மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேரே அவளிடம் வருவார்கள். தலைமையாசிரியை கன்னியாஸ்திரி, அவரிடம் பேசக் கூச்சம். ஃப்ளோரா ராயபுரத்திலேயே பிறந்தவள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். அவள் சொன்னால் குப்பத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. ஐந்தாவதோடு நிற்க இருந்த பெண்கள் பலர் அவள் ஒரு வார்த்தை சொன்னதால் எட்டாவது வரை வந்திருந்தார்கள்.

சிவந்தி அவர்களில் ஒருத்தி. கட்டுமரக்காரர் சுப்புராயனின் மகள். த்ரோபால் அணிக்கு அவள்தான் தலைவி. வலைக்கு மேலே எகிறி அவள் பந்தைப் பிடித்தால், எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் பந்தைத் தொடவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஃப்ளோரா அருகில் போய் விசாரித்தாள். கேட்டதும் புரிந்துவிட்டது. பெண் பெரியவளாகிவிட்டாள்.

"வூட்ல சொன்னா நாளைலேர்ந்து ஸ்கூல் இல்ல டீச்சர்" என்றாள் சிவந்தி. "ஓலை கட்டி உள்ள குந்த வெச்சுடுவாங்க. அம்மாவாண்ட சொல்லாத டீச்சர்."

எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அதில் தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம். பெண்ணின் வருங்காலம் என்று ஃப்ளோரா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சனிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சனிக்கிழமைதான் இறுதி ஆட்டம். எதிரணி யானைக்கவுனிப் பள்ளிக்கூடத்துப் பெண்கள், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டு ஆடுகிறவர்கள், வருஷா வருஷம் அவர்களிடம் தோற்று வந்த ஆட்டம்.

புதன்கிழமை மத்தியானம் கோவிந்தம்மா வந்தாள். சிவந்தியின் தாய். கூடையை வாசலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வகுப்பு வாசலில் நின்றாள்.

"டீச்சர், ஒரு பேஜாரா பூட்ச்சு. நீதான் தீத்து வெக்கணும்."

"என்னக்கா?"

"நம்ம வூட்ல புது கட்டுமரம் கட்டிக்கீறோம். வெள்ளிக்கிழமை பூஜ. சனிக்கிழமை கருக்கல்ல கடலுக்குப் போவுது. எங்க வழக்கம் ஒனக்குத் தெரியாது. புது மரத்துக்கு மொதல் வெளக்கு காட்டி மஞ்சத்தண்ணி தெளிக்கறது, வூட்ல வயசுக்கு வராத பொண்ணு இருந்தா அதுதான். நம்ம சிவந்திதான் செய்யணும். ஆனா பக்கத்து வூட்டு செல்லம்மா கீறாளே, அவ சொல்றா, 'உம் பொண்ணு முழிக்கிற முழியே சரியில்ல, பெரிய மனுஷி ஆயிட்டு மறைக்கறா'ன்னு. நான் கேட்டா, இல்லவே இல்லன்னு சாதிக்குது."

"அவளே இல்லன்னு சொல்றப்ப அப்புறம் என்ன?"

"எம் பொண்ணு எங்கிட்ட பொய் சொல்லும் டீச்சர். கொழந்தைங்க சொல்றதுதான். நீ சொல்ல மாட்டே. ஒன்னாண்ட அது எதையும் மறைக்காது. நீ சொல்லு, நான் போய் செல்லம்மா வாய அடைக்கறேன்."

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சொல்லிவிட்டு, "பரீட்சை மட்டும் எழுதட்டும் அக்கா" என்று கேட்டிருந்தால் கோவிந்தம்மா தட்டியிருக்க மாட்டாள். அது ஃப்ளோராவுக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை ஊர் பார்க்க மைதானத்தில் குதித்து ஆட விடமாட்டாள். அதுவும் தெரியும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள் ஃப்ளோரா. "வெயில்ல ஆடி ஆடி உடம்பு சோர்ந்திருக்கு. கேழ்வரகுக் கூழ் கொடுங்க."

கோவிந்தம்மாவின் முகம் மலர்ந்தது. கூடையிலிருந்து இரண்டு வவ்வால் மீனை எடுத்து மந்தார இலையில் சுற்றி மேஜை மேல் வைத்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சிவந்தி புது மரத்துக்கு விளக்குக் காட்டினாள். சனிக்கிழமை மத்தியானம் மைதானத்துக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், மஞ்சத்தண்ணி பாதி எங்கால்லயே ஊத்திகிச்சு."

"இப்ப அதை நினைக்காதே. பந்தை நினை."

சிவந்தி பந்தை நினைத்தாள். கடைசிப் புள்ளி அவளுடையது. கோப்பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பெண்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, ஃப்ளோரா தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினாள்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் கோப்பையைத் தலைமையாசிரியையிடம் கொடுக்கத் தலைவியைக் கூப்பிட்டார்கள். தலைவி வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் ஃப்ளோரா குடையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள்.

சுப்புராயனின் குடிசை ஓரத்தில் புதிதாகப் பச்சைத் தென்னோலை கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே கால் தயங்கியது. வாசலில் கோவிந்தம்மாவும் செல்லம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா டீச்சர்" என்றாள் கோவிந்தம்மா. எழுந்து, மணையைப் போட்டாள். குரல் கம்மியிருந்தது. "நீயே வந்துட்டியா. நான்தான் வந்து ஒன் கால்ல வுழணும்னு இருந்தேன்."

ஃப்ளோராவுக்கு விளங்கவில்லை. செல்லம்மா விளக்கினாள்.

"சனிக்கிழம போன மரம் பொழுது சாஞ்சும் வரல டீச்சர். தண்ணி இழுத்துகினு பழவேற்காடு பக்கம் தள்ளிடுச்சு. நாங்க எல்லாம் கரையில நின்னுகினு கீறோம். ஆட்டம் முடிஞ்சு வந்த இந்தப் பொண்ணு, பாத்துச்சு, மணல்ல வுழுந்து பொரண்டுச்சு. 'என்னாலதான், என்னாலதான்'னு எல்லாத்தையும் கொட்டிடுச்சு. பெரிசாயி அஞ்சு நாளாச்சாம்."

"சுப்புராயன்?" என்றாள் ஃப்ளோரா.

"நேத்து காலைல வந்து சேந்துட்டாரு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. கூழு பத்தலன்னுதான் கத்தினாரு."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கோவிந்தம்மா சிரிக்கவில்லை.

"ஊரே நிக்குது. 'டீச்சரே சொல்லிச்சு'ன்னு எல்லாராண்டயும் அடிச்சுப் பேசினவ நான். சாமி மேல ஆணையா சொன்னேன். குப்பத்துப் பெரிய தலக்கட்டு கேட்டாரு, 'இன்னா, ஒங்க டீச்சரும் சேந்து மறைச்சுதா'ன்னு. அப்ப இந்தப் பொண்ணே சொல்லிச்சு, 'டீச்சருக்குத் தெரியாது, அதையும் நான்தான் ஏமாத்தினேன்'னு. மானத்த வாங்கிட்டா. பெத்தவளாண்ட பொய் சொன்னா பரவால்ல. சோறு போட்ட மாதிரி படிப்பு குடுத்த ஒன்னாண்டயுமா? அதான் முடிவு பண்ணிட்டேன். பொய் சொல்ற பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு? பரீட்சையும் வோணாம், ஒண்ணும் வோணாம்."

பச்சை ஓலைக்குப் பின்னால் அசைவு இல்லை. அங்கே சிவந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று ஃப்ளோராவுக்குத் தெரிந்தது.

இந்தக் குப்பத்திலிருந்து இன்னும் ஆறு பெண்கள் பள்ளிக்கு வருகிறார்கள். தன் வார்த்தை போனால் அவர்கள் படிப்பும் போகலாம். அவர்களுக்காகவாவது பேசாமல் இருப்பது நல்லது என்று ஃப்ளோரா நினைத்தாள். நல்ல காரணம்தான். போன திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் அவளுக்கு இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது.

மணையை விட்டு எழுந்தாள்.

"அவ என்னை ஏமாத்தலக்கா. எனக்குத் தெரியும்."

கோவிந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா தெரியும்?"

"மொதல்ல என்கிட்டதான் சொன்னா. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"நான் வந்து கேட்டேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

செல்லம்மாவின் கை அவள் வாய்க்குப் போனது. சிரித்த பெண்கள் மண்ணைப் பார்த்தார்கள். கோவிந்தம்மா திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஃப்ளோரா ஏங்கினாள். குப்பத்துப் பெண்கள் திட்டுவதை அவள் கேட்டிருக்கிறாள். அதில் பாதி கிடைத்தாலும் போதும்.

"கோப்ப ஜெயிச்சீங்களா?" என்று கோவிந்தம்மா கேட்டாள்.

"ஜெயிச்சோம்."

"ஓகோ."

அவ்வளவுதான். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பரீட்சை மட்டும் எழுதட்டும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் இல்லேன்னிருப்பேனா? நீ கேட்டு நான் எத இல்லேன்னேன்?"

ஃப்ளோராவின் முகம் எரிந்தது. கையிலிருந்த குடையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

"பெரியவங்க சொல்லிக் குடுத்து சொன்ன பொய்யி. அதுக்கு எம் பொண்ண எதுக்கு நான் தண்டிக்கணும்?" கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "பரீட்சைக்கு வருவா. நானே இட்டாந்து வுடுவேன், நானே இட்டுகினு போவேன். ஆனா ஒண்ணு. நீ அவளாண்ட தனியா பேசக் கூடாது. கணக்கு சொல்லிக் குடுத்தாலும் நாலு பேரு எதிர்ல சொல்லிக் குடு."

"சரிக்கா."

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

இந்த நிமிஷம் வரை 'நீ' என்றவள் இப்போது 'ங்க' போட்டாள். கிடைத்த மரியாதை ஃப்ளோராவின் நெஞ்சில் கல்லாக இறங்கியது. செல்லம்மா மணையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவளுடைய மகளும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள்.

ஓலைக்குப் பின்னால் சிவந்தி விசும்பத் தொடங்கினாள். அழாதே என்று சொல்ல ஃப்ளோரா வாயெடுத்தாள். கோவிந்தம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளோரா வாயை மூடிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மணலில் இறங்கி நடந்தாள்.