கையுறையின் ஐந்தாவது விரல்

வலிக்குது, வலிக்குது என்று அரற்றுகிற ஆண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கட்டுப்போட்டே பதினாறு வருடம் ஓட்டிய நர்ஸ் நான். காலையில் வந்த தச்சரும் அந்த ரகம்தான். சுத்தியல் குறி தப்பி, ஆள்காட்டி விரல் நகம் பெயர்ந்து, நகத்துக்கு அடியிலிருந்த சதை கிழிந்திருந்தது.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். ரத்தம் நிற்பதற்காக, ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி, நுனியைக் கத்தரித்து, அவர் விரலில் மாட்டி அடிவரை சுருட்டிவிட்டேன். கழற்ற மறந்துவிடக் கூடாதே என்று அதில் ஒரு கிளிப் மாட்டுவது வழக்கம். இன்று கிளிப் கை நழுவித் தரையில் விழுந்தது. வேறொன்று எடுக்கச் சோம்பல். டாக்டர் தைத்து, பெயர்ந்த நகத்தையே மூடியாகப் பொருத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். கட்டு என் பொறுப்பு.

விரலின் அடியில் இறுக்குகிறது என்றார் தச்சர். சின்னப் பிள்ளை மாதிரிச் சிணுங்காதீர்கள் என்று வாயை அடைத்தேன். இரண்டு நாளைக்குக் கட்டைத் தொட்டால் தெரியும் சேதி என்று மிரட்டியும் அனுப்பினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் மனைவி போன் செய்தாள்.

"மாத்திரை வேணாங்கறார் சிஸ்டர். வலியே இல்லையாம். விரல் இருக்கிறதே தெரியலையாம்."

ஊசியின் மரமரப்பு விட்டிருக்க வேண்டிய நேரம். நசுங்கிய விரல் விண்விண்ணென்று தெறிக்க வேண்டாமா? குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். நான்கு விரல் கையுறை கிடந்தது. வெட்டிய ஐந்தாவது விரல் இல்லை.

கட்டைப் பிரிக்கச் சொன்னேன். நீங்கள்தானே தொடக் கூடாது என்றீர்கள், தையல் விட்டுப்போனால் என்ன செய்வது என்று அவள் நடுங்கினாள். கத்தரிக்கோலோடு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. உளி பிடிக்கிற கை. பாவி, அதை நானே சாகடித்துவிட்டேனே என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

பிரித்தேன். ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. விரல் மெழுகாக வெளுத்திருந்தது. வளையத்தை நறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"கழட்ட மறந்துட்டேன். என் தப்பு."

மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அடியிலிருந்து மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. தச்சர் பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"வலிக்குதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"சொன்னா திட்ட மாட்டீங்களே?"