ஒரு காது குட்டையான முயல்

என் தங்கைக்கு அப்பாவைப் பற்றி இருப்பது ஒரே ஒரு ஞாபகம். அது சித்தப்பாவுடையது.

இதை இப்படிப் பட்டென்று சொல்வதற்கு என் வேலை ஒரு காரணம். ரயில் நிலையத்தில் விசாரணை கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்கக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டது. கேட்காததைச் சொல்லப் போனால் வம்புதான் வரும் என்பதையும் அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன். அப்படியும் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்கு நான்கு. கடைசி ஒரு வருடம் அவர் நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்த படுக்கையாக இருந்தார். வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் போதும், உள்ளறையிலிருந்து இருமலும் திட்டும் சேர்ந்து வரும். அப்பா கெட்டவர் இல்லை. மில்லில் கணக்குப் பார்த்தவர், வாங்கிய சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்தவர். குழந்தைகளை என்ன செய்வதென்று மட்டும் அவருக்குத் தெரியாது. உடம்பு நன்றாக இருந்த காலத்திலும் அவர் மடியில் நான் உட்கார்ந்ததில்லை.

எங்களைச் சத்தம் போடாமல் வைத்திருப்பது சித்தப்பாவின் பொறுப்பு. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் பாதியை அந்த மெஷின் முன்பே வாங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்துச் சுவரில் நிழல் காட்டுவார். நாய் வரும், வாத்து வரும், பல் போன கிழவர் வந்து வாயை மெல்லுவார். சிரிப்பு வந்தால் தலையணையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தங்கை கடித்த கடியில் தலையணையின் ஒரு மூலையில் பஞ்சு பிதுங்கிவிட்டது. அவளுக்கு மற்றதெல்லாம் சும்மா, முயல்தான் வேண்டும். இரண்டு விரலை நிமிர்த்தினால் முயலுக்குக் காது. சித்தப்பாவின் முயலுக்கு ஒரு காது பாதிதான் இருக்கும்.

அப்பா போன அந்த வாரம் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒரு ராத்திரி மின்சாரம் போனது. யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். சுவரில் வெளிச்சத்தைப் பார்த்ததும் சித்தப்பாவின் மடியில் இருந்த தங்கை அவர் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, முயல் காட்டு" என்றாள்.

அவள் ஏன் அப்படிக் கூப்பிட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் எல்லோரும் பகல் முழுக்க அப்பா அப்பா என்றே பேசிக்கொண்டிருந்தார்கள், வாய்க்கு அதுதான் வந்திருக்க வேண்டும். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு மாமி, "குழந்தையே முடிவு பண்ணிடுச்சு போல" என்று இன்னொருத்தியிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மறுநாளே சித்தப்பா அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், யாரோ போல உட்காருவார். வலது கை ஜிப்பாப் பையைவிட்டு வெளியே வராது. மார்க் என்ன என்று கேட்பார். சரியாகப் படிக்கிறாயா என்பார். அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அவருடைய சம்பளம்தான். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கை அறிந்த சித்தப்பா அந்த நாற்காலிச் சித்தப்பாதான். தொட மாட்டார், சிரிக்க மாட்டார். முயல் காட்டியவர் அப்பாவாகவே அவள் மனதில் நின்றுவிட்டார். சித்தப்பாவின் விரல் மெஷினில் போனது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் சித்தப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், இனி இவர் படி ஏறக்கூடாது, தனியாகவும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. என் மாமியாரே ஹாலில்தான் படுக்கிறார். தங்கை வீடு தரைத்தளம், ஒரு அறை சும்மா கிடக்கிறது. அவளோ ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்துவிட்டாள். அங்கே கட்டில் காலியாகும் வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"நல்ல இடம்க்கா. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. மாசாமாசம் நானே கட்டிடறேன்."

"உன் வீட்ல இருந்தா என்னடி?"

"அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சின்ன வயசுலேர்ந்து ஒரு தடவை தலையைத் தடவினது கிடையாது. ஒரே வீட்ல முகத்தைப் பார்த்துக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பண்றது?"

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. தெருவில் அடிபட்ட பூனையைத் தூக்கி வந்து வைத்தியம் பார்ப்பவள். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் சித்தப்பாவிடம் சொன்னேன். "முயல் காட்டினது நீங்கதான்னு அவகிட்ட சொல்லிடப் போறேன். அதுக்கப்புறம் அவ உங்களை எங்கயும் அனுப்ப மாட்டா."

அவர் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அவளுக்கு அண்ணனைப் பத்தி இருக்கறது அது ஒண்ணுதான். அதைப் புடுங்கிக் குடுத்து எனக்கு ஒரு கட்டில் வாங்கித் தரப் போறியா?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். வாயைத் திறக்காதே."

சரி என்றேன். சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இல்லத்திலிருந்து கட்டில் தயார் என்று போன் வந்த அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். சித்தப்பாவின் துணிமணி ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. அவர் ஹாலில் கைவைத்த நாற்காலியில், வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை வழக்கம்போலப் பையில் இருந்தது. தங்கை மகள், எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவோம், அவர் காலடியில் உட்கார்ந்து வாக்கரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் குட்டி நகரவும் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் மின்சாரம் போனது. குட்டிக்கு இருட்டு என்றால் பயம். தங்கை செல்போன் டார்ச்சைப் போட்டு டீப்பாய் மேல் சாய்த்து வைத்தாள்.

"அழாதே. அம்மா உனக்கு முயல் காட்டறேன், பாரு."

கையைச் சுவருக்கு நேரே தூக்கினாள். நடுவிரலை நிமிர்த்தினாள். ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கிக்கொண்டாள். சுவரில் முயல் வந்தது. ஒரு காது நெட்டை, ஒரு காது குட்டை. தலையை ஆட்டியது, மூக்கைச் சுருக்கியது. அந்தச் சுருக்கலைக்கூட அவள் விடவில்லை.

"ஏம்மா ஒரு காது குட்டை?"

"எங்கப்பாவோட முயல் அப்படித்தான். உன் தாத்தா. அவரு இப்படித்தான் காட்டுவாரு."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். வருத்தம் இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தன் பொருளை இன்னொருவர் பெயரில் பார்த்து ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை.

குட்டி அவர் பக்கம் திரும்பினாள். "சின்னத் தாத்தா, உங்களுக்கு முயல் வருமா?"

"எனக்கு வராதும்மா" என்றார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தங்கை பின்னாலேயே வந்தாள். மின்சாரம் வந்துவிட்டது. அவள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

"அப்பாவுக்குப் பத்து விரலும் முழுசா இருந்துச்சுடி" என்றேன்.

"தெரியும். அதுக்கென்ன?"

"அப்புறம் அவரு முயலுக்கு ஏன் காது குட்டை?"

அவள் கை குழாயடியில் நின்றது. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேசை விளக்கு, தலையணை, மெழுகுவத்தி, அந்த மாமி சொன்னது, மாடியறை. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பாதியிலேயே நான் செய்வது தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் பாதியில் நிறுத்துவது அதைவிடத் தப்பாகத் தோன்றியது.

"அப்ப எனக்கு அப்பாவே இல்லைன்னு சொல்றே" என்றாள்.

ஈரக்கையோடு ஹாலுக்குப் போய் அவர் முன்னால் நின்றாள். "சித்தப்பா, முயல் காட்டினது யாரு?"

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. பிறகு அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கையைப் பையிலிருந்து எடுத்து முழங்கால் மேல் வைத்தார்.

"உங்கப்பாதான்" என்றார்.

"அக்கா வேற மாதிரி சொல்றா."

"அவளுக்கு என்ன தெரியும்? எந்நேரமும் புத்தகத்துல தலையை விட்டுக்கிட்டு இருப்பா." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "மெஷின்ல விரல் போனப்ப நான் கையை யாருக்கும் காட்ட மாட்டேன். துண்டைச் சுத்திக்கிட்டே திரிவேன். அண்ணன் பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஒருநாள் விளக்கைக் கீழ வெச்சு உனக்கு முயல் காட்டறப்ப, தன்னோட விரலை மடக்கிக்கிட்டாரு. 'பாருடா, முயல் ஓடுது, அதுக்கென்ன குறைஞ்சு போச்சு'ன்னாரு. அதுக்கப்புறம் எப்பக் காட்டினாலும் மடக்கித்தான் காட்டுவாரு. எனக்காக. அவரு படுத்தப்புறம் அவருக்குப் பதிலா நான் காட்டினேன். அக்கா பார்த்தது அதைத்தான்."

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அப்படி வந்தது அவளுக்கு. அவருடைய அந்தக் கையை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். "எங்கப்பா அவ்வளவு நல்லவரா?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்றார்.

எங்கள் அப்பா அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. விரல் போன அன்று, "கண்ணைப் பொடனியில வெச்சுக்கிட்டா வேலை பார்த்தே?" என்று அவர் தம்பியைத் திட்டியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அதை நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசியது போதும் என்று ஆகிவிட்டது. அழுகையும் ஆத்திரமுமாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் தங்கை போன் செய்தாள். இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "அப்பாவைப் பத்திச் சொல்ல இவரு ஒருத்தர்தானேக்கா இருக்காரு. இவரைப் போய் அனுப்பப் பார்த்தேனே."

அப்படித்தான் அந்த அறை அவருக்குக் கிடைத்தது. வாடகையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் அவர் எதிரில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க, தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்க என்று. அவரும் சொல்கிறார். தீப்பெட்டியில் தபால் பெட்டி செய்தது, மழையில் எங்களை மழைக்கோட்டுக்குள் ஒளித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கதை சொன்னது. எல்லாவற்றிலும் அண்ணன் என்று வைத்துச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகும்போது நானும் உட்கார்ந்து கேட்கிறேன். யார் செய்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தங்கை முகத்தைப் பார்த்தால் வாய் வருவதில்லை. அவள் அவருக்குத் தலை வாரிவிடுகிறாள், நகம் வெட்டிவிடுகிறாள், சாப்பிட மறுத்தால் அதட்டுகிறாள். அவர் உடம்பு தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் அவர் ஒரு சுற்று குறைந்துகொண்டே வருவதாக எனக்குப் பட்டது.

போன புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவரே போன் செய்தார். வழக்கமாகச் செய்ய மாட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. குட்டிக்கு சைக்கிள் வாங்கியிருக்காங்க. பெரியம்மாவுக்குத் தாத்தா எப்படி சைக்கிள் கத்துக்குடுத்தாருன்னு சொல்லணுமாம், ஒத்தக் கால்ல நிக்கறா. சாயங்காலம் சொல்றேன்னு தள்ளிப் போட்டிருக்கேன்."

"சொல்லுங்களேன்."

"உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். இது உன்னோடதும்கூட இல்லையா."

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வெட்டிய காகித ஓரங்களை அங்கேதான் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். விழுந்தால் அடிபடாது என்று, சைக்கிள் பழக சித்தப்பா என்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். மையும் பசையும் நாறும் அவர் சட்டை. இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

"வேண்டாம் சித்தப்பா" என்றேன். "அவளுக்கு நீங்க எதை வேணா குடுங்க. எல்லாத்தையும் குடுங்க. எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தது நீங்க. அதை மட்டும் யாருக்கும் குடுக்க விட மாட்டேன்."

கவுன்ட்டர் கண்ணாடியை யாரோ நாணயத்தால் தட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிம்மா" என்றார். அப்புறம், "நீ விழுந்துக்கிட்டே இருப்பே. நான் தூக்கித் தூக்கி உட்கார வெப்பேன்" என்றார்.