சாப்பிடுகிற கையில் உபயம்

1964 ஜூன் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, தாராவி கிராஸ் ரோட்டுப் பிள்ளைகள் இல்லத்தில் பதினேழு பிள்ளைகளும் வலது கையில் உபயதாரர் பெயரோடு கண் விழித்தார்கள். பாத்திரக்கடையில் உளி வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பெயர் வெட்டுவார்களே, அதே எழுத்து. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஓடியது. ரத்தம் இல்லை, வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. ஒருவன் கையில் 'உபயம்: தளவாய், ரயில்வே ஒர்க்‌ஷாப்'. இன்னொருத்தி கையில் 'உபயம்: வானமாமலை மளிகை, லேபர் கேம்ப்'. சமையல் பார்க்கிற பேராச்சி தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தோல்தான் சிவந்தது. “ஆத்தாடி, பச்சப் புள்ளைய மேல எவம்ல பேரு வெட்டுனது?” என்று அவள் போட்ட சத்தத்தில் குழாயடி வரிசையே கலைந்தது. தாராவியில் குழாயடி வரிசை கலைவது லேசான காரியமில்லை.

அந்த இல்லம் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் ஷாப்பிலும் மில்லிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்தவர்கள். அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைகளுக்கும், இருந்தும் கஞ்சி ஊற்ற வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு, படுக்க இடம், படிப்பு. நல்ல மனசுக்காரர்கள்தான், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மவர்களுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாலும் அதில் பெயர் இருக்க வேண்டும். அங்கிருந்த ஒரே டியூப்லைட்டில் பெயர் எழுதியது போக வெளிச்சம் வர இடமில்லை. தட்டு, பெஞ்சு, சிலேட்டு, தண்ணீர்ப் பானையின் மூடி, எல்லாம் உபயம். எல்லாவற்றிலும் பெரிய உபயம் தகரக் கூரை. கிங்ஸ் சர்க்கிளில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த கணேசபாண்டியன் போட்டது. சயான் பக்கம் போகும் ரயிலிலிருந்தே படிக்கிற மாதிரி 'உபயம்: கணேசபாண்டியன், கிங்ஸ் சர்க்கிள்' என்று ஒவ்வொரு எழுத்தும் இரண்டடி உயரத்தில் சிவப்புப் பெயின்ட். அவர் பெயர் விழுந்திருந்தது தங்கமயில் என்ற பதினோரு வயதுப் பெண்ணின் கையில்.

கணேசபாண்டியன் கடையில் பெயர் வெட்டுகிற உதுமானைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பிள்ளைகளின் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். “என் கையெழுத்துதான். சுழியெல்லாம் நான் போடுத சுழிதான். அல்லா மேல சத்தியமா நான் வெட்டல” என்றார். ஊரே திகைத்துப்போனது. அந்தத் திகைப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை திகைப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபயதாரர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் பெயர் எந்தப் பிள்ளைமேல் இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து விட்டுப்போயிற்று என்று ஒருவர் சண்டைக்கே நின்றார். அடுத்து, “நம்ம பேரு போட்ட பையந்தானே” என்று பீடி வாங்கிவர ஒருவர் அனுப்பினார், டிபன் கேரியர் தூக்க இன்னொருவர் கூப்பிட்டார். கணேசபாண்டியன் இரண்டு படி மேலே போனார். தங்கமயிலைத் தன் மாதுங்கா வீட்டுக்குப் பாத்திரம் துலக்க அனுப்பிவைக்கச் சொல்லி ஆள் விட்டார்.

அந்தப் பிள்ளைக்கோ ஜூன் பதினைந்தாம் தேதி மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர இடம் கிடைத்திருந்தது. பரீட்சை எழுதி அந்த இல்லத்திலிருந்து இடம் வாங்கிய முதல் பிள்ளை அவள்தான். அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

புதன்கிழமை ஐந்து வயது சிராஜ் சிலேட்டைக் கீழே போட்டான். சிலேட்டின் மரச்சட்டம், உபயம் எழுதியிருந்த இடத்தில் சரியாகப் பிளந்தது. அவன் கை பால்போல் சுத்தமாகிவிட்டது. தங்கமயில்தான் முதலில் பார்த்தாள். “யக்கா, பொருள்ல பேரு போனா கைலயும் போவுது!” என்று அவள் கத்த, பேராச்சி உப்புத்தாள் வாங்க ஓடினாள். உதுமான் தான் வெட்டிய பெயர்களைத் தானே ராவித் தள்ளினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், சனிக்கிழமைக்குள் கணேசபாண்டியன் தவிர உபயதாரர்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். பதினாறு கைகள் சுத்தமாயின. பாக்கி கூரைதான்.

“பேரை எடுத்தா தகரத்தையும் எடுத்துட்டுப் போயிருவேன்” என்று கணேசபாண்டியன் சொல்லி அனுப்பினார். அன்று காலைதான் மழை இறங்கியிருந்தது. பம்பாய் மழைக்குக் கூரையில்லாமல் பதினேழு பிள்ளைகளை எங்கே வைப்பது? கமிட்டி கூடியது, நானும் ஓரமாக இருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கூரையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். செக்ரட்டரி தளவாய்தான் முதலில் கை தூக்கினார். தன் பெண்ணாக இருந்தால் தூக்கியிருப்பாரா என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. தங்கமயில் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கென்று தைத்த பாவாடையை மடித்துப் பேராச்சியிடம் கொடுத்தாள். “இத வேற யாருக்காச்சும் குடுங்கக்கா” என்றாள். பேராச்சி அதை வாங்க மறுத்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் குடையோடு வந்தார். “ஏட்டி, வா. என் வீட்டுல ஒனக்கு என்ன கொறச்சல்? படிச்சு என்ன கலெக்டராவா ஆவப்போற?” என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. டக், டக் என்று உளிச் சத்தம். உளி எங்கும் இல்லை. மழைச் சத்தத்துக்கு மேலே அதை எல்லாரும் கேட்டார்கள். அவர் மணிக்கட்டில் ஒரு பொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. இருபது பேர் பார்க்க, எழுத்து எழுத்தாக மேலேறியது. தங்கமயில் அதைச் சத்தமாக வாசித்தாள். “உபயம், பேராச்சி.”

அடுப்படியிலிருந்து பேராச்சி அகப்பையோடு வெளியே வந்தாள். அவளும் அந்தக் கையைத்தான் பார்த்தாள். கணேசபாண்டியன் அந்த வாசலில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷமாக அந்த இல்லத்துக்கு வந்து அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறார், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. 1931-இல் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்து, தோல் ஷாப் வாசலில் காய்ச்சலில் கிடந்த ஒன்பது வயதுக் கணேசபாண்டியனைத் தூக்கிப் போனவள் அவள். பதினோரு மாதம் தன் கஞ்சியில் பாதியை ஊற்றினாள். பிறகு ஒரு பாத்திரக்கடையில் கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்தும் விட்டாள்.

“யக்கா... நீங்களா? என்னயத் தெரிஞ்சுதா?”

“மொத நாளே தெரிஞ்சுது. மோவாயில அந்தத் தழும்பு இருக்குல்லா.”

“ஏன் சொல்லல?”

“சொல்லி என்னய்யா ஆவப்போவுது? கஞ்சிதானே குடுத்தேன். அதுக்குப் போயி பேரு போடுவாவளா?”

அவர் அப்படியே வாசல் சேற்றில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். சலவை வேட்டி பாழாயிற்று. பிறகு எழுந்து ஏணி கேட்டார். உதுமான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கொட்டும் மழையில் கூரையேறி, செங்கல் துண்டும் கத்தியும் கொண்டு தன் பெயரைத் தானே சுரண்டினார். தளவாய் தலையைக் குனிந்துகொண்டு கீழேயிருந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு எழுத்துப் போனால் கீழே தங்கமயில் கையிலும் அதே எழுத்துப் போனது. “கிங்ஸ் போயிட்டு! சர்க்கிள் போயிட்டு!” என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சாயங்காலம் அவள் கை வெறும் கையாக இருந்தது. மறுநாள் அவள் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கு நடந்து போனாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. பெயரைத்தான் கேட்டார்கள், சொன்னாள்.

கணேசபாண்டியன் கையிலிருந்தது மட்டும் போகவில்லை. சுண்ணாம்பு வைத்தார், சயானில் டாக்டரிடம் காட்டினார். கடைசியில் பேராச்சியிடமே வந்து, “எந்தப் பொருள்ல எழுதி வச்சிருக்கிய? சொல்லுங்க, சுரண்டிருதேன்” என்று கேட்டார். “எனக்கு எழுதத் தெரியாதேய்யா” என்றாள் அவள். எங்கும் எழுதாத பெயரை எங்கே போய்ச் சுரண்டுவது? ஒரு வருஷம் முழுக்கைச் சட்டை போட்டுப் பார்த்தார். அப்புறம் கடையில் கையை மடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர்கள் கேட்டால் குடத்துக்கு விலை சொல்லுகிற குரலில் விஷயத்தைச் சொல்லுவார்.

1967-இல், எட்டாம் வகுப்பிலிருந்த தங்கமயில் பேராச்சிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பார்த்து எழுத ஒரு மாதிரி வேண்டும் என்று பேராச்சி கேட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கணேசபாண்டியன் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து வந்து, இல்லத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை நீட்டி வைத்துக்கொள்வார். பேராச்சி அதைப் பார்த்துச் சிலேட்டில் தன் பெயரை எழுதுவாள். “கைய ஆட்டாதீரும்” என்பாள். அவர் ஆட்டமாட்டார். குழாயடியில் வரிசை கலையாமல் அவரவர் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.