பதினைந்துக்கு எத்தனை

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது நாலே எழுத்துதான். ஏ, பி, சி, டி. இந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதம் என் மகளுடைய ஆங்கிலத் தாளைத் திருத்தினேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாரும் அதைத்தான் செய்தார்கள்.

பள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அந்தக் கட்டடம் முழுக்க என்னைப் போன்றவர்கள்தான். புருஷன் எங்கோ வெளியூரில் வேலை செய்வான். பெண்டாட்டி பிள்ளைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, படிப்புக்குக் காவல் இருப்பாள். என் புருஷன் சீனாவின் மேற்குக் கோடியில், சின்ஜியாங்கில் ரோடு போடுகிறான். என் மகள் லான்லான் ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதத் தேர்வில் பாதிப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். மீதிப் பாதி தொழிற்பள்ளிக்குப் போய், இரண்டு வருடத்தில் தெற்கே ஏதோ ஒரு தொழிற்சாலையில் கைபேசிக்குத் திருகாணி முடுக்குவார்கள். நான் பத்து வருடம் முடுக்கியிருக்கிறேன். இன்றைக்கும் குளிர்காலத்தில் என் கட்டைவிரல் மடங்காது. என் மகள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கணக்கிலும் அறிவியலிலும் லான்லான் தேறிவிடுவாள். அவள் காலை வாரியது ஆங்கிலம். அதிலும் பத்தியைப் படித்து, புரிந்துகொண்டு, விடை சொல்லும் பகுதி. மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்குத்தான்.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். கையில் மூன்று பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து கேள்வி, ஆகப் பதினைந்து. சாப்பிடுவதற்கு முன்னால் எழுதி முடிக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு ஆங்கிலம் நடத்தும் டெங் டீச்சர் பெற்றோர் கைபேசிக் குழுவில் விடைகளைப் போடுவார். பெற்றோர் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, இரண்டு மணிக்குள் சங்கிலியில் சேர்க்க வேண்டும். சங்கிலி என்றால், முதலில் ஒரு தாய் தன் பிள்ளை பெயரையும் எண்ணையும் போடுவாள். அடுத்தவள் அதை அப்படியே எடுத்து, கீழே தன் பிள்ளையைச் சேர்ப்பாள். ஐம்பத்திரண்டு பேரும் சேர்த்து முடிக்கும்போது யார் வீட்டுப் பிள்ளை எத்தனை என்று எல்லார் கையிலும் இருக்கும். கைநீட்டி அடிக்காமல் மனிதர்களைக் கேவலப்படுத்த இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் லான்லான் ஆறு. ஆறு என்றே போட்டேன். மேலே எல்லாம் பதிமூன்று, பதினான்கு, பன்னிரண்டு. எனக்குக் கீழே ஒரே ஒரு நாலு. உடனே ஒருத்தி எழுதினாள்:

"லான்லான் அம்மா, முன்னாடி ஒண்ணு போட மறந்துட்டீங்களோ? ஐயோ, பதினாறும் வராதே, மொத்தமே பதினஞ்சுதானே!"

பின்னால் சிரிக்கிற முகம் மூன்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நாலு, பக்கத்து அறை யிமிங்கின் அம்மா போட்டது. மேட்டுக் கிராமத்துக்காரி. எங்கள் மாடிக்கு ஒரே சமையலறை. அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை.

"ஏன்க்கா, நாலுன்னா போட்டீங்க?"

"நாலுதானே வந்துச்சு."

"வந்தா? வந்ததை எல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்லுவாங்களா? கொஞ்சம் மேல கீழ பாத்துப் போடத் தெரியாதா உங்களுக்கு?"

"டீச்சர் கேட்டாங்கல்ல. காய்ச்சல் எவ்வளவுன்னு கேட்டா குறைச்சா சொல்லுவோம்?"

சரியான மண்டு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் லான்லான் ஏழு எடுத்தாள். நான் பதினொன்று என்று போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கட்டைவிரல் கூட உயர்த்தினாள். அதற்குப் பிறகு எனக்குப் பழகிப்போனது. ஒரே எண்ணைத் தினமும் போட்டால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் பத்து, ஒரு நாள் பன்னிரண்டு. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

அக்டோபரில் டெங் டீச்சர் ஒரு செய்தி போட்டார். சங்கிலியில் கடைசியில் இருக்கும் எட்டுப் பேருக்கு, சாயங்கால வகுப்பு முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் அவரே உட்கார்ந்து வாசிக்கச் சொல்லித்தருவார். ஒவ்வொரு வாக்கியமாக, ஒவ்வொரு பிள்ளையாக. காசு கிடையாது. எட்டுப் பெயரில் முதல் பெயர் யிமிங்.

"பாவம்" என்று சொல்லிச் சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த லான்லான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நானும் போறேன்."

"எங்க?"

"டெங் டீச்சர் சொல்லித்தர்றாங்கல்ல, அதுக்கு."

"கடைசி எட்டுப் பேரோடயா? அங்க போய் உக்காந்தா நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"நான் அந்த எட்டுல ஒருத்திதாம்மா. நேத்து கிளாஸ்ல டீச்சர் என்னை எழுப்பி, 'நீதான் பன்னெண்டு எடுத்திருக்கியே, மத்தவங்களுக்கு எப்படின்னு விளக்கு'ன்னாங்க. சும்மா நின்னேன். டீச்சர் நான் கூச்சப்படறேன்னு நினைச்சுட்டாங்க."

"வாய மூடிக்கிட்டு நூடுல்ஸ சாப்பிடு. ஆறிப்போகுது. எல்லாம் நீ ஒழுங்காப் படிச்சா வரும்."

அவள் அப்புறம் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை கேட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இறங்கியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் அதிசயம் நடந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன், பதினைந்துக்குப் பதினொன்று. நிஜமான பதினொன்று. இரண்டு தடவை எண்ணினேன். மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பத்து, பிறகு பதிமூன்று. நான் எதையும் கூட்டவில்லை, உள்ளதை உள்ளபடி போட்டேன். இனிமேல் பொய்யே வேண்டாம் என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அன்று ஆட்டிறைச்சி வாங்கி, மிளகாய் எண்ணெய் தாராளமாக ஊற்றி அவளுக்குச் சமைத்துப் போட்டேன். சாப்பிடும்போது அவள் தலை நிமிரவில்லை. களைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு மதியம். யிமிங் வராந்தாவில் குந்திக்கொண்டு அன்றைய தாளை வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தான். லான்லான் தண்ணீர் பிடிக்கப் போனவள் நின்றாள்.

"அதுல சிரிக்கறதுக்கு என்னடா இருக்கு?"

"ரெண்டாவது பத்தி. அந்தக் கிழவன், நாய் தேடி எடுத்துட்டு வரட்டும்னு வேணும்னே தொப்பியைத் தொலைக்கறான்ல? நாய் பக்கத்து வீட்டுக்காரன் தொப்பியைக் கவ்விட்டு வந்துடுது!"

"எந்தக் கிழவன்?"

யிமிங் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இன்னைக்குத் தாள்லதான். நீ அந்தப் பத்தியில அஞ்சும் சரின்னு உங்கம்மா இப்பத்தான் எங்கம்மாகிட்ட சொன்னாங்களே?"

லான்லான் தண்ணீர் பிடிக்காமலே அறைக்குள் போய்விட்டாள். நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் தாளை அப்போதுதான் திருத்தியிருந்தேன். ஐந்தும் சரிதான். ஐந்தும் சரியாக எழுதியவளுக்கு எந்தக் கிழவன் என்றே தெரியவில்லையே. நான் அடுப்பைக் கூட்டி வைத்து, வாணலியில் இருந்ததை வேகவேகமாகக் கிளறினேன். அந்தப் பயலுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நானாகப் போய் அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கப் பயம்.

ஏப்ரலில் மாதிரித் தேர்வு வந்தது. நிஜத் தேர்வு போலவே, வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்துவது. நாலு நாள் கழித்து டெங் டீச்சர் என்னையும் லான்லானையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவள் விடைத்தாள் இருந்தது. வாசிப்புப் பகுதியில் பதினைந்துக்கு நாலு.

டீச்சருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"லான்லான் அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. தினமும் பதினொண்ணு, பன்னெண்டு எடுக்கற பொண்ணு. உடம்பு ஏதும் சரியில்லையா?"

விடைத்தாளை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் அடியில் லான்லான் குட்டிக் குட்டியாகச் சீன எழுத்தில் பொருள் எழுதியிருந்தாள்.

"இங்க பாருங்க. எல்லா வார்த்தையும் தெரியுது. ஒண்ணுகூடத் தப்பில்ல. யார் யாருக்கு என்ன செஞ்சாங்கங்கறது மட்டும் தெரியல. ஆங்கிலத்துல விஷயத்தை முன்னாடி சொல்லிட்டு, அதைப் பத்தின விளக்கத்தை வால் மாதிரி பின்னாடி நீளமா விடுவாங்க. நம்ம பிள்ளைங்க வாலையே புடிச்சுக்கிட்டு நின்னுடறாங்க. இதுக்குத்தான் நான் அந்த எட்டுப் பேரை உக்கார வெச்சேன். யிமிங்குக்கு இதே வியாதிதான் இருந்துச்சு. இப்ப அவன் பதினொண்ணு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு வந்ததை மறைத்துப் பதினொன்று போட்டதையும், அவள் அந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது நான் வாயை அடைத்ததையும்.

"ஆனா புத்தாண்டுக்கு அப்புறம் போட்டதெல்லாம் நிஜம் டீச்சர். என் கையால திருத்தினேன். சத்தியமா."

"இல்லம்மா" என்றாள் லான்லான்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"விடை பன்னெண்டே முக்காலுக்கு வரும். நீ அடுப்படியில இருப்ப. போன் கட்டில் மேல கிடக்கும். நான் பாத்து மாத்தி எழுதிடுவேன். எல்லாம் சரியா இருந்தா நீ கண்டுபிடிச்சுடுவன்னு ரெண்டு மூணை மட்டும் தப்பா விடுவேன்."

"ஏன்டி? ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"பொய் எண்ணைப் போடறப்ப உன் கை நடுங்கும்மா. தினமும் பாத்துட்டே இருந்தேன். பாக்க முடியல."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளையும் அந்த எட்டுப் பேரோட சேத்துக்கங்க டீச்சர். இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல. நான் எல்லார் முன்னாடியும் சங்கிலியில எழுதறேன், நான் போட்டதெல்லாம் பொய்னு."

"நீங்க எழுதினா அவங்க உங்களைத் திட்டுவாங்க. ஏன்னா பாதிப் பேர் அதைத்தான் செய்யறாங்க. எனக்கு இப்பத்தான் புரியுது, வகுப்புல நான் சொன்னது ஏன் எதுவும் எடுபடலைன்னு. பன்னெண்டு எடுக்கற பிள்ளைங்கன்னு நினைச்சுக் கஷ்டமான பத்தியா எடுத்துக் குடுத்துட்டே இருந்தேன்." அவர் விடைத்தாளை மடித்து ஓரமாக வைத்தார். "அந்த எட்டுப் பேருக்கு ஆறு மாசம் ஆச்சு. ரெண்டு மாசத்துல என்னால முடியாது. முடியும்னு சொன்னா நானும் பொய் சொன்னவளா ஆயிடுவேன்."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் எல்லாப் பள்ளியிலும் இது நடக்கும். தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்னாலேயே தொழிற்பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எழுதாமல் இருந்தால் பள்ளியின் சராசரி கெடாது. பிள்ளையே தன் கையால், 'என் சொந்த விருப்பத்தின் பேரில் ஜூன் தேர்வை எழுதவில்லை' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அது வேறு யார் பிள்ளைகளுக்கோ நடப்பது என்று நினைத்திருந்தேன்.

"மேலேர்ந்து பட்டியல் கேக்கறாங்க" என்றார் டீச்சர். "மாதிரித் தேர்வை வெச்சுத்தான் பேரு வந்திருக்கு. கட்டாயம் இல்ல. எழுதித்தான் பாப்பேன்னு அவ சொன்னா, நான் அவ பக்கம் நிக்கறேன்."

லான்லான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் அழகு. ஒரு எழுத்துகூடக் கோணாமல் எழுதிக்கொண்டே போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவளுக்கு இதுல விருப்பம் இல்ல டீச்சர்."

"லான்லான், உன் வாயால சொல்லு. விருப்பமா?"

"விருப்பம்தான் டீச்சர். எனக்குப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு. வேலைக்குப் போனா அம்மாவுக்கும் நிம்மதி."

"பொய் சொல்றா! எனக்காகச் சொல்றா டீச்சர். அவ மூணாம் கிளாஸ்லேர்ந்து மேல்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளின்னு கனவு கண்டவ. நம்புங்க, இது பொய்!"

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சண்டைக்கு நின்றிருப்பேன்.

"ஏழு மாசமா நீங்க சொன்னதைத்தான், லான்லான் அம்மா, நான் நம்பினேன்."

லான்லான் என் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விலக்கிவிட்டு, கீழே தேதியைப் போட்டாள். டீச்சர் காகிதத்தை வாங்கி மற்ற காகிதங்களோடு வைத்தார். நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். டீச்சர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.